நிலம் துடைக்கும் திரவத்துக்கு ஒரு சோதனைச்சாவடி

என் அக்காவின் கணவரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாசத்தில் எழுதுகிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். அத்தான் வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். வெள்ளவத்தையில் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில், அவர்கள் மேல்மாடியிலும் நான் கீழ்மாடியிலும் இருக்கிறோம். அவர் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அதன் பிறகு உலகத்தைத் திருத்துவதே முழுநேர வேலை. காவலாளி கதிரையில் சாய்ந்தால் ஏச்சு, மீன்காரன் செவுளை மறைத்தால் ஏச்சு, அக்கா குழம்புக்குப் புளி கூட விட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவார். என்னைக் கண்டால் அதற்கென்று ஒரு வசனம் வைத்திருந்தார்.

"என்ன, இண்டைக்கு எந்தச் சவுக்காரத்துக்குத் தொண்டையை வித்திட்டு வாறாய்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவள். இந்த நாட்டில் விளம்பரங்கள் சிங்களத்தில் பிறக்கும், ஆங்கிலத்தில் அனுமதி வாங்கும், கடைசி நிமிடத்தில் அவசர அவசரமாகத் தமிழுக்கு வரும். அந்தக் கடைசி நிமிடம்தான் என் பிழைப்பு. கொம்பனித்தெருவில், சுற்றிவர எல்லாவற்றையும் இடித்து மாடமாளிகை கட்டிக்கொண்டிருக்கும்போது இன்னும் இடிபடாமல் நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது. பக்கத்தில் கம்பி அடிக்கிற சத்தம் ஓயும்வரை காத்திருந்து வசனம் பேசுவோம்.

இந்தத் தொழிலில் எனக்கு நாக்கில் ஊறிப்போன சொற்கள் சமையலறைச் சொற்கள் அல்ல. நுளம்புச் சுருள் என்றால் காவலரண். பற்பசை என்றால் படையணி. கழிவறைத் திரவம் என்றால் சுற்றிவளைப்பு, தாக்குதல், முற்றாக அழிப்பு. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வானொலிச் செய்தியில் ஒரு குரல் சுற்றிவளைத்து அழித்தோம் என்று சொல்லும். செய்தி முடிந்த கையோடு என் குரல் வந்து கழிவறைக் கிருமிகளைச் சுற்றிவளைத்து அழிக்கும். அந்தச் சம்பளத்தில்தான் வாடகை கட்டினேன். அதற்காக இப்போது நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போவதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு சொற்களோடு படங்களும் வந்து சேர்ந்தன. வங்கிக்குச் சீருடை, பிஸ்கட்டுக்குச் சீருடை, பால்மாவுக்குச் சீருடை. லீவில் வீட்டுக்கு வருகிற சிப்பாய் மகன், வாசலில் கண்கலங்கி நிற்கும் அம்மா, நடுவில் பால்மாப் பெட்டி. அதே விளம்பரம் தமிழுக்கு வரும்போது சிப்பாய் இருக்கமாட்டார். அவருக்குப் பதிலாகக் கழுத்தில் குழாய் மாட்டிய ஒரு டொக்டர் மகன் வீட்டுக்கு வருவார். தமிழாக்களுக்கு டொக்டர் என்றால் உயிர் என்று விளம்பரக் கம்பனியில் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன்: இவர்களுக்கு எல்லாம் தெரியும். அந்த உடை யாருக்குப் பெருமை, யாருக்கு வயிற்றைக் கலக்கும் என்று நன்றாகத் தெரிந்துதான் படத்தை மாற்றுகிறார்கள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று இனி யாரும் என்னிடம் வரவேண்டாம்.

ஆனால் இந்தமுறை டொக்டர் வரவில்லை. நிலம் துடைக்கும் திரவம் ஒன்றுக்கான விளம்பரம் அது. மூன்று மொழிக்கும் ஒரே படம், இளம் ஆட்களுக்குப் பிடித்த மாதிரி ஒளித்திருந்து எடுக்கிற பகிடிப் படம். தயாரிப்பாளன் கொம்பனித்தெருவிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பொடியன். நல்ல பொடியன், எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தராமல் மைக்கைத் திறக்கமாட்டான்.

"அக்கா, இது சோக்கா ஈக்கி. மொதல்ல பாருங்க, பொறகு வசனத்தைச் செல்றன்" என்றான்.

திரையில் வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதி. எங்கள் ஒழுங்கைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் சுப்பர்மார்க்கட்டின் வாசல். அங்கே ஒரு சோதனைச்சாவடி முளைத்திருந்தது. ஸ்பொஞ்ச் அடைத்த மணல்மூட்டைகள், மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட குறுக்குத்தடி, தொப்பி போட்ட நான்கைந்து பொடியன்கள். கையில் துவக்கு மாதிரி நீளமான தெளிகருவி. உடை உருமறைப்பு உடைதான், ஆனால் போத்தலின் நிறத்துக்குப் பொருத்தமாக நீலம். பச்சையில் போட்டால் சட்டப் பிரச்சினை வரும், நீலத்தில் ஒன்றுமில்லை, வக்கீலைக் கேட்டுத்தான் தைத்தோம் என்றான் தயாரிப்பாளப் பொடியன். கடற்படையின் நீலத்தைக் கண்டு ஓடினவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அந்த வக்கீலுக்கு யாரும் சொல்லவில்லைப் போலும்.

பகிடி இதுதான். வருகிறவரை மறித்து, முகத்தை இறுக்கி, சிங்களத்தில் அடையாள அட்டை கேட்பார்கள். ஆள் விறைத்துப்போகிற நேரம் பாட்டு வெடிக்கும். பெண்கள் ஓடிவந்து ஆடுவார்கள். செருப்பின் அடியில் கிருமி தேடுவார்கள். கடைசியில் ஒரு போத்தல் இலவசம். முதலில் ஒரு இளம் சோடி மாட்டுப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒரு சிங்கள மாத்தயா நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். அடுத்து வந்த பெண் குடையை ஓங்கி, வேற வேலை இல்லையா என்று ஏசினார். எல்லோரும் ஒரு கணம் பயந்தார்கள், அடுத்த கணம் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கு ஏதும் தடை இருக்கவில்லை.

அடுத்ததாக வந்தது அத்தான். கையில் மரக்கறிப் பை. முகத்தில் யாரையோ ஏசி முடித்த களை.

"அய்டென்டிட்டி எக்க" என்றான் நீல உடை.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது விழப்போகிறது ஏச்சு என்று உள்ளூரக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. அத்தான் சேட்டுப் பொக்கற்றிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். முழங்காலில் இருந்தார். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோர்த்தார். பிறகு, பின்னால் நீட்டியிருந்த கால்கள் இரண்டையும் கணுக்காலில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போட்டார். இதில் ஒன்றையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முழங்காலில் இருப்பதைப் படத்தில் பார்த்துப் பழகலாம். கணுக்காலைக் குறுக்கே போடுவதைப் பார்த்துப் பழக முடியாது. அதை யாரோ சப்பாத்தால் பழக்கியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் அத்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தவர். நடுவில் கொஞ்சக் காலம் ஆள் இல்லை. கண்டியில் வேலை என்று எங்களுக்குச் சொன்னார்கள். கண்டியில் என்ன வேலை, எந்தக் கம்பனி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் மாப்பிள்ளை திரும்பி வந்ததே போதுமாக இருந்தது.

திரையில் பாட்டுத் தொடங்கிவிட்டது. அத்தான் திரும்பவில்லை. ஆட வந்த பெண் ஒருத்தி குனிந்து போத்தலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார்.

"மகே நெவெய், சேர்" என்றார்.

என்னுடையது இல்லை, ஐயா. யாரோ ஒரு பொருளைக் கொண்டுவந்து முன்னால் வைத்து இது உன்னுடையதா என்று கேட்டால் சொல்லுகிற பதில். தெருவே சிரித்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட்காரன் சிரித்து இருமினான், அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டான்.

"இதான் அக்கா ஹைலைட். கம்பனிக்காரருக்குச் சரியான விருப்பம். இந்த வசனத்தோடதான் விளம்பரம் முடியப்போகுது. நீங்க மேலால ஒரு வரி போடணும்: அங்கிள், பயப்படாதீங்க, தேடுறது உங்கள இல்ல, கிருமியத்தான்."

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். கோபத்தில்தான் வைத்தேன், வேறொன்றும் இல்லை.

"இந்தத் துண்டை வெட்டும்" என்றேன். "அது என்ர அக்காவின்ர புருசன்."

பொடியனின் முகம் மாறியது. சவுண்ட்காரன் படத்தை நிறுத்தினான். ஆனால் மாறிய முகம் கொஞ்ச நேரத்தில் பழையபடி வந்துவிட்டது.

"நாங்க கேட்டுத்தான் எடுத்தீக்கிறம் அக்கா. இஞ்சப் பாருங்க."

இன்னொரு துண்டைப் போட்டான். அத்தானை எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் நீலப் பட்டி. கையில் போத்தல். செருப்பு இன்னும் சுவரோரம். விளம்பரத்தில் காட்டலாமா, சம்மதமா என்று ஒருவன் மிக மரியாதையாகக் கேட்டான். அத்தான் சிரித்துக்கொண்டு, "ஹொந்தாய் சேர்" என்றார். நல்லது ஐயா.

"பாத்தீங்களா? சிரிக்கிறார்."

"கேட்டவன் என்ன உடுத்தியிருக்கிறான் எண்டு பாரும்" என்றேன்.

அவன் பார்த்தான். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். தன் உம்மாவையும் தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கடைவாசல்களில் நிற்பாட்டி, முகத்தை மூடாதே என்று விரட்டினார்கள் என்றான். அதற்காக வாழ்நாள் முழுக்க அழுதுகொண்டிருக்க முடியுமா, பகிடியாக்கினால்தான் பயம் போகும் என்றான். உண்மையாகவே நம்பித்தான் சொன்னான்.

"அப்ப உம்மட உம்மாவை வச்சு எடும்."

"உம்மா இப்ப வெளிய வாறல்ல" என்றான்.

அது நான் குத்தவேண்டுமென்றே குத்திய இடம். அவனுக்கு வலித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். கம்பனிக்காரர் இந்தத் துண்டை விடமாட்டார். ஆனால் ஆள் தன் வாயால் வேண்டாம் என்று சொன்னால் சட்டப்படி எடுத்தே ஆகவேண்டும். "நீங்க செல்லி வேலையில்ல அக்கா. அங்கிள் எனக்கு ஒரு கோல் எடுத்து வேணாமெண்டு ஒரு சொல்லு செல்லட்டும். அதோட முடிஞ்சு."

ஒரு சொல். அத்தானுக்கு அதுவா பெரிய விசயம்? பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லியே வாழ்ந்த மனிதர். முச்சக்கரவண்டி பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேல்மாடி வீடு முழுக்க லவண்டர் மணம். அக்கா நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். "இஞ்ச பார், உன்ர அத்தான் முதல்முதலாத் தானா ஒரு சாமான் வாங்கியந்தவர். கறை நல்லாப் போகுது" என்று போத்தலைத் தூக்கிக் காட்டினாள். நீலப் போத்தல். அவள் வாளித் தண்ணீரை ஊற்றக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் அத்தானிடம் போனேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்தபடி இருந்தார்.

"அத்தான், சுப்பர்மார்க்கட் வாசலில நடந்ததை நான் பாத்தனான்."

"என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை."

"வீடியோ எடுத்திருக்கிறாங்கள். ரீவீயில போடப்போறாங்கள்."

"அது நானில்லை."

பேப்பர் இறங்கவில்லை. ஆனால் அதன் விளிம்பு ஆடத் தொடங்கியது. "உன்ர அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது."

"சொல்லிப்போடாதை." இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. பிறகு, பேப்பருக்குப் பின்னாலிருந்தே, மிகச் சாதாரணமான குரலில், சந்தையில் எந்தக் கடையில் மரக்கறி நல்லது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: "கேக்க முதல் நாங்களா முழங்காலில இருந்திட்டால் அடி குறைவு."

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அழுதுவிட்டேன். அழுததைக் காட்டாமல் கதைத்தேன். ஒரு கோல் போதும் என்று விளக்கினேன். தெரிந்த பொடியன், தமிழ் கதைக்கிறவன், வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் படம் போகாது, யாருக்கும் தெரியவராது. "நீங்கள்தானே ஊரையே ஏசுற ஆள். இவனையும் ஏசுங்கோ. வாய்க்கு வந்தபடி ஏசுங்கோ." அவர் சம்மதம் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நானே நம்பரை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, போனை அவர் கையில் கொடுத்தேன்.

"ஹலோ சேர், நான் விளம்பரக் கம்பனியால கதைக்கிறன்" என்றான் பொடியன், நல்ல பவ்வியமாக. "உங்கட வீடியோவைப் பத்திக் கேக்கத்தான்."

அத்தான் எழும்பி நின்றார். செருப்பைக் கழற்றினார். போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில், தன் முழுப்பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டு இலக்கம், ஒழுங்கை, வெள்ளவத்தை, இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை.

"அங்கிள்," என்றான் பொடியன், "நானும் தமிழ்தான் கதைக்கிறன். உங்களுக்கு விருப்பமில்லயெண்டா வேணாமெண்டு செல்லுங்க. நாங்க எடுத்துடுவம்."

"பிரஷ்னயக் நே சேர்" என்றார் அத்தான். ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா.

"விருப்பமா, விருப்பமில்லயா அங்கிள்?"

"கெமதிய் சேர். கெமதிய்." விருப்பம் ஐயா, விருப்பம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாமெண்டு சொல்லுங்கோ அத்தான்!" என்று கத்தினேன். என் சத்தம் அந்த அறைக்குப் பெரிது. அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு பக்கத்தில் போன், மறுபக்கத்தில் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கிறோம். யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று அந்தக் கண்கள் தடுமாறியது தெரிந்தது. கடைசியில் என்னைப் பார்த்து, "ஹொந்தாய்" என்றார். என்னிடம் அவர் அதுவரை ஒரு சொல்லும் சிங்களத்தில் பேசியதில்லை.

போன் அணைந்தது. அத்தான் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் இருங்கோ என்றேன். இருந்தார்.

பொடியன் எனக்கு எடுத்தான். ரெண்டு தரம் கேட்டாச்சு அக்கா, இனி நான் என்ன செய்ய என்றான். குரலில் கவலை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. வசனம் பேச நான் போகவில்லை. எனக்குப் பதிலாக ஒருத்தி கிடைக்க அவர்களுக்கு ஒரு பின்னேரம்கூடத் தேவைப்படவில்லை. நல்ல இனிமையான குரல். விளம்பரம் வந்தது, பேஸ்புக்கிலும் வந்தது, போனுக்குப் போன் தாவியது. ஹெந்தளையிலிருந்து அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி எடுத்து வாழ்த்துச் சொன்னார். ஒரு கூடை நிறையச் சவர்க்காரமும் திரவமும் வீட்டுக்கு வந்தது. விலாசம்தான் அவர்களிடம் இருந்ததே. அதைக் கொடுத்த காவலாளி, இத்தனை வருச ஏச்சுக்கும் சேர்த்து, "மகே நெவெய், சேர்" என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அக்காதான். சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எங்களிட்டத்தானே இவரின்ர சிங்கம் எல்லாம். கள்ளமா நடிச்சிட்டு எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை. முழங்காலில இருக்கிற வடிவைப் பார்" என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். புளி கூடின குழம்புக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். சொல்லிவிட எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் அவளோடு சேர்ந்து சிரித்தார். நன்றாகவே நடித்தார்.

இப்போது என்னிடம் தொண்டை விற்ற கணக்கை அவர் கேட்பதில்லை. நான் மேலே போய்க் கதவைத் திறந்தால் கதிரையை விட்டு எழும்பி நிற்கிறார். அக்காவுக்கு அதில் பெருமை. இப்பதான் உன்னை மதிக்கப் பழகியிருக்கிறார் என்கிறாள். அவள் இல்லாத நேரங்களில் நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். ஏசுங்கோ அத்தான், என்ர பிழைதான், ஒருக்கா ஏசுங்கோ என்றேன். பிரச்சினையில்லை, பிரச்சினையில்லை என்றார், நின்றபடியே. நான் இருங்கோ என்று சொல்கிறேன். சொன்ன பிறகுதான் இருக்கிறார்.